உன்னிடம் கற்ற என் தாய்மொழி

நேற்று சாயங்காலம் காமராசர் சாலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒரு தள்ளுவண்டியில் முள்ளுமுருங்கை வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அரைத்த இலை எண்ணெயில் விழுந்ததும் எழுகிற அந்தப் பச்சை வாசனைக்கு நான் திரும்பிப் பார்த்தேன். வண்டிக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று எங்கள் சௌராஷ்டிர பாஷையில் கேட்டார். யோசிக்காமல் நானும் அதிலேயே பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என் வாயிலிருந்து வந்தது உன் பேச்சு. கடைசிச் சொல்லைச் சண்டைக்கு இழுப்பதுபோல் இழுத்து நிறுத்துவாயே, அதே இழுப்பு. வடை கையில் ஆறிப்போக, வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். உன் காரியம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன.

நீ இருந்திருந்தால் இதைப் படித்திருக்கவே மாட்டாய். "எம்புட்டு எழுதிருக்கா பாரு. நேர்ல வந்து சொன்னா என்னவாம்?" என்று கேட்டு மடித்து வைத்திருப்பாய். நேரில் வந்து சொல்ல இப்போது வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தெருவுக்கு நான் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. உங்கள் தெரு என்றுதான் கை எழுதுகிறது. ஆனால் அது என் அப்பா பிறந்து வளர்ந்த தெரு. மேலூரில் வைத்திருந்த ரெடிமேடு கடையை மூடிவிட்டு அப்பா எங்களைத் தன் பூர்வீக வீட்டுக்கே கூட்டிவந்திருந்தார். கீழே பெரியப்பா குடும்பம், மாடியில் நாங்கள். சந்து முழுக்கச் சௌராஷ்டிரக் குடும்பங்கள். அப்பா அவர்களில் ஒருவர். அம்மா மேலூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். இருவரும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான்.

ஏன் எனக்கு அவருடைய பாஷையைச் சொல்லித்தரவில்லை என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "ஒங்கம்மாவுக்குப் புரியாத பேச்ச அவ வீட்டுல வச்சுப் பேசக் கூடாதும்மா" என்றார். மேலூரில் இருந்தவரை அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

வந்த முதல் வாரத்திலேயே அது போதாது என்று தெரிந்துவிட்டது. பெரியம்மாவின் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பெரியம்மா கூடத்திலிருந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் 'பாணி' என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. பானையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அடுக்களையில் இருந்த மண்பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தேன். அவர் கேட்டது தண்ணீர். அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியப்பா மகள் ஜெயஸ்ரீக்கு என் வயதுதான். அவள் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்று முதல் தெருப் பெண்களுக்கு நான் 'பானை'. பள்ளிக்கூடத்தில் வேறு கதை. அப்பா பெயரையும் தெருவையும் கேட்டுக்கொண்ட பிள்ளைகள், "நீ பட்டுநூல்காரப் பிள்ளையா? எங்க, ஒங்க பாஷையில ஏதாச்சும் பேசு பாப்போம்" என்றார்கள். தெரியாது என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை. "பேசுனா நாங்க பிடுங்கிக்கிருவமாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெருவில் நான் மேலூர்க்காரி மகள், பள்ளியில் பட்டுநூல்காரப் பிள்ளை. சாப்பாட்டு மணி அடித்தால் எந்த வட்டத்தில் போய் உட்காருவது என்று தெரியாமல், கை கழுவுவதையே நீட்டிக்கொண்டு குழாயடியில் நிற்பேன்.

அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. எல்லோரும் சிரிக்கும்போது கொஞ்சம் பிந்திச் சேர்ந்து சிரிப்பது. புரிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா?

எதிர்வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்த உங்களை எனக்கு முகப்பழக்கம் உண்டு. உன் அப்பா சிம்மக்கல் பழமண்டிகளுக்கு லோடு வேன் ஓட்டினார். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். நீ நடை பழகியதே எங்கள் சந்தில்தான். உன் வயதுப் பிள்ளைகளோடு விளையாடியதில் பாஷை உனக்குத் தானாக ஒட்டிக்கொண்டது. தெருவில் அதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. எனக்கு வந்திருக்க வேண்டியது, ஒரு தொடர்பும் இல்லாத உன் நாக்கில் இப்படித் துள்ளுகிறதே என்று.

தெருக்குழாயில் தண்ணீர் வந்த ஒரு சாயங்காலம். ஜெயஸ்ரீயும் அவள் கூட்டாளிகளும் குடங்களோடு நின்றார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். ஒருத்தி என்னைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்தேன். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து நீ குடத்தை ணங்கென்று தரையில் வைத்தாய். அவர்கள் பாஷையில் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு நின்றது மட்டும் தெரிந்தது. ஜெயஸ்ரீயின் முகம் சிவந்துபோனது.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாய்.

"அவ என்ன சொன்னான்னு தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன், தெரியாது என்று.

"ஒங்கப்பா மேலூர்ச் சந்தையில ஓட்டைப் பானைய வாங்கிட்டு வந்துட்டாருன்னு சொன்னா. ஓட்டைப் பானைன்னா நீயில்ல. ஒங்கம்மா."

நான் காலிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"அவளுக பேசுனது கூட எனக்குப் பெருசா தெரியல. நீயும் சேந்து சிரிச்ச பாரு, அதத்தான் பொறுக்க முடியல" என்றாய்.

குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு ஓடிவிட்டேன். அம்மா அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். "தண்ணி வரலையாடி?" என்று கேட்டாள். அவள் முதுகைப் பார்த்து, வரவில்லை என்று பொய் சொன்னேன். அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. கோபத்தில் பாதி உன்மேல். புரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன் என்று இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் பின்கட்டுக்கு வந்தேன். நீ துணி துவைத்துக்கொண்டிருந்தாய்.

"எனக்கு அந்தப் பாஷை வேணும்" என்றேன்.

நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுக்கு? அவளுகளோட சேரவா, அவளுகளத் திட்டவா?"

"தெரியல."

"தெரியலன்னு சொன்ன பாரு, அது நெசம். வா, இந்தச் சேலையப் பிழிய ஒரு கை புடி."

அப்படித்தான் தொடங்கியது. நீ முதலில் சொல்லித்தந்தது வசவுகள். "திட்ட வந்துருச்சுன்னா மத்ததெல்லாம் பின்னாடியே வந்துரும்" என்பது உன் கணக்கு. பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே போவோம். பிறகு கடையில் சாமான் கேட்பது, விலை படியவில்லை என்பது, வயிறு வலிக்கிறது என்பது. நான் தப்பாகச் சொன்னால் நீ சிரிப்பாய். நன்றாகவே சிரிப்பாய், ஈவு இரக்கம் இல்லாமல். ஆனால் சிரித்து முடித்ததும், "ம், திருப்பிச் சொல்லு" என்பாய். அந்தத் 'திருப்பிச் சொல்லு'தான் உனக்கும் அவர்களுக்கும் இருந்த வித்தியாசம். அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

உனக்கு எதற்குமே பயம் கிடையாது என்று அன்று நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் ஊர்ப் பொங்கலுக்கு என்னைக் கூட்டிப்போனாயே, அன்றைக்குத்தான் அது உடைந்தது.

செக்கானூரணி தாண்டி இறங்கி, கரிசல் காட்டுக்கு நடுவே வண்டிப்பாதையில் நடந்தோம். கோயில் பக்கம் உன் சித்தப்பா மகள்கள், மாமா மகள்கள் என்று ஒரு பெரிய கூட்டம் பொங்கல் வைக்க அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தது. உன்னைப் பார்த்ததுமே ஒருத்தி கூவினாள். "ஏய், பட்டுநூல்காரி வந்துட்டா!"

அதே சிரிப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

"மதுரையிலருந்து வந்திருக்காக, பாய் விரிங்கடி" என்றாள் இன்னொருத்தி. நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். வார்த்தை எங்கள் தெரு ராகத்தில் வந்தது. உடனே மூன்று பேர் அதேபோல இழுத்துப் பேசிக்காட்டினார்கள். நீ வாயை மூடிக்கொண்டாய். குழாயடியில் அத்தனை பேரை அடக்கியவள், உன் சொந்தக்காரர்கள் நடுவில் பொங்கல் பொங்கும்வரை ஒரு பேச்சுப் பேசாமல் சுள்ளியை முறித்து முறித்து அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாய்.

எனக்கு அங்கே ஒரு சிரமமும் இல்லை. மேலூர்ப் பேச்சு அவர்கள் காதுக்கு உறுத்தவில்லை. நாற்று, களை, மாடு என்று அவர்கள் பேசியது எல்லாமே எனக்கு அம்மா வீட்டில் கேட்டுப் பழகியது. பொழுது சாய்வதற்குள் உன் மாமா மகள் என் தலையில் பூ வைத்துவிட்டாள். "இந்தப் பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளை கணக்கா இருக்கு" என்று உன் அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னார். நீ தூரத்திலிருந்து பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. உன்னை நான் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெகுதூரம் பேசாமல் வந்தாய். நாகமலை தெரிகிற இடத்தில் சொன்னாய்.

"வெளியாளுகன்னா எனக்கு வாய் வந்துருது. எங்க ஆளுக முன்னாடி மட்டும் ஊமையாப் போயிடுறேன். ஏன்டி அப்பிடி?"

"அவுக சிரிச்சா வலிக்குது. அதான்" என்றேன்.

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியதும், "நான் வேணா பேசவா ஒனக்காக? அடுத்த தடவ?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றாய். உடனே சொன்னாய். யோசிக்கவே இல்லை. "அன்னைக்குக் குழாயடியில ஒனக்காக நான் பேசினேன்ல? அதுலருந்து ஒன்னைய யாராச்சும் மதிச்சாளுகளா? என்னயப் பாத்துத்தான் பயந்தாளுக. அவங்கவங்க சாமிய அவங்கவங்கதான் கும்பிடணும்."

பக்கத்து சீட்டுக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

ஜெயஸ்ரீயின் அக்காவுக்குக் கல்யாணம் வைத்தது அதற்கு அடுத்த வருஷம். அதற்குள் எனக்கு எங்கள் பாஷை காதளவில் முழுக்க வந்திருந்தது. வாயளவில் பாதி. அது உனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் பேச நினைத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கல்யாண மண்டபத்து வாசலில் அம்மா சந்தனத் தாம்பாளத்தோடு நின்றாள். தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கட்டும் என்று பெரியப்பாதான் சொல்லியிருந்தார். அம்மா அரக்கில் பட்டுச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, வருகிற ஒவ்வொருவருக்கும் கை கூப்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவுக்கு வந்த பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

பெரியம்மாவின் அக்கா உள்ளேயிருந்து வந்தார். நல்ல உயரம், வைரத்தோடு, எப்போதும் சிரித்த முகம். சிரித்துக்கொண்டே அம்மாவின் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்து எங்கள் பாஷையில், அதே சிரிப்போடு சொன்னார். "இவள் இங்கே நின்றால், நம் வீட்டுக் கல்யாணம்தானா என்று வருகிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்."

பெண்கள் சிரித்தார்கள்.

அம்மாவும் சிரித்தாள். கொஞ்சம் பிந்தி.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது. அவளாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள், நான் கற்றுக்கொண்டதுபோலவே, அதே வீட்டில், ஒரே காலத்தில். எனக்குத் தெரியாமல் அவளும், அவளுக்குத் தெரியாமல் நானும்.

மண்டபத்துக்குள் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நீ உன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாய். நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஒரு சொல் போதும், நீ எழுந்து வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ என் கண்ணைப் பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்து மடியில் இருந்த பூவைச் சரிசெய்யத் தொடங்கினாய். எழுந்திருக்கவே இல்லை.

பெரியம்மாவின் அக்கா முன்னால் போய் நின்றேன். எங்கள் பாஷையில் சொன்னேன். "எங்கம்மாவைப் பத்திப் பேசுறதுன்னா, எங்கம்மாவுக்குப் புரியிற பாஷையில பேசுங்க."

அதைத் தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். 'பேசுங்க' என்பதற்கு நான் போட்ட சொல் குழந்தையிடம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது என்று நீ பிறகு சொன்னாய். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். நான் நிறுத்தவில்லை. சரியான சொல்லைத் தேடி, கிடைக்காமல், கிடைத்த வேறொரு சொல்லைப் போட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"இதுக்குப் பேசத் தெரியுமா?" என்றார் அந்த அம்மாள், தமிழில்.

"தெரியும்" என்றேன். "கேக்கவும் தெரியும்."

அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் சத்தம் போடுகிற ஆள் அவர் இல்லை. அந்த அம்மாளின் கையிலிருந்து தாம்பாளத்தை மெதுவாக வாங்கி, அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். முகூர்த்தம் முடியும்வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை.

அம்மாவுக்கு நடந்தது முழுக்கப் புரியவில்லை. ஆனால் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. ராத்திரி வீட்டில் என் தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டே கேட்டாள். "நீ எப்படி அந்தப் பேச்சு படிச்ச?" உன் பெயரைச் சொன்னேன். அம்மா மறுநாள் ஒரு தூக்கு நிறைய மீன்குழம்பு வைத்து, மீன் சாப்பிடாத கீழ்வீட்டுக்கு வாசம் தெரியாமல் மூடி, உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நான் உன்னிடம் சண்டைக்குத்தான் வந்தேன். ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டேன். மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னாய். "நான் எந்திரிச்சிருந்தா அது என் சண்டையாப் போயிருக்கும். நீ மறுபடியும் பானைதான்."

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். பெரியம்மா ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 'வாய்த்துடுக்கு' என்ற பட்டம் பானைக்குப் பதிலாக வந்தது. ஆனால் ஜெயஸ்ரீ ஒரு நாள் மாடிக்கு ஏறிவந்து, நான் அன்று எந்தச் சொல்லைத் தப்பாகச் சொன்னேன் என்று திருத்திச் சொல்லிவிட்டுப் போனாள். மன்னிப்பு என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் வந்தாள். என்னை விட்டுவிட்டு அவர்கள் பேசுவது குறைந்தது. நான் போய் உட்காருவதற்குக் கூட்டம் தானாக இடம் விடவில்லை. இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார உட்கார இடம் வந்தது.

உன் முறை வர வெகுகாலம் ஆனது. கல்யாணமாகி நீ உன் ஊருக்கே வாக்கப்பட்டுப் போனாய். உன்னைப்போல இழுத்துப் பேசிக்காட்டிய அதே பெண்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள். மாமியார்கூட 'மதுரைக்காரி' என்றுதான் கூப்பிடுவார் என்பாய். போனில் குரல் மங்கிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு நாள், எந்தப் பீடிகையும் இல்லாமல், "வார்டு மெம்பருக்கு நிக்கப்போறேன்" என்றாய். உங்கள் காலனிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டாமல் இழுத்தடிக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

நீ பேசிய கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உன் ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நீ எழுந்து முதல் வார்த்தை பேசியதும் பின்னால் இருந்து ஒரு குரல், "ஏத்தா, தமிழ்ல பேசு!" என்றது. மரத்தடி குலுங்கச் சிரித்தது. எனக்கு உன் அளவு பொறுமை எப்போதும் இருந்ததில்லை. பாதி எழுந்துவிட்டேன். நீ நின்ற இடத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தாய். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ கோபப்படவில்லை. பேச்சை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். பிறகு, "சிரிச்சு முடிச்சாச்சா? நான் பேசுறது இப்பிடித்தான். மதுரையில வளந்தேன், இந்த ஊருக்குப் பிறந்தேன். ரெண்டும் நாந்தேன். இப்பத் தண்ணியப் பத்திப் பேசுவமா?" என்றாய். அந்தத் தடவை நீ தோற்றுப்போனாய். அடுத்த தடவையும் நின்றாய். அந்தத் தடவை ஜெயித்தாய். தொட்டியில் முதல் நாள் தண்ணீர் ஏற்றியபோது எனக்குப் போன் பண்ணி, ஒன்றும் பேசாமல், குழாயைத் திறந்து அந்தச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தாய்.

அதற்குப் பிறகு வந்ததை நான் வேகமாகக் கடந்துவிடப் பார்க்கிறேன். மார்பில் கட்டி, ஆபரேஷன், முடி கொட்டியது, சரியாகிவிட்டது என்று நம்பிய ஒரு வருஷம், பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரி. உன் கட்டிலைச் சுற்றி உன் வீட்டுக்காரர், நாத்தனார், உன் மகள். எல்லோரிடமும் தமிழில், "நல்லாத்தேன் இருக்கேன், போய்ச் சாப்பிடுங்க" என்பாய். என்னைப் பார்த்ததும் எங்கள் பாஷைக்கு மாறுவாய். வலி எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் பாஷையில்தான் சொன்னாய். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, பயமாக இருக்கிறது என்றாய். உன் மகள் கட்டிலின் கால்பக்கம் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

புரியாதவர் முன்னால் பேசக் கூடாது என்று அப்பா சொன்னது எனக்கு நினைவு வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு அந்த மறைவு தேவைப்பட்டது. நானும் அதே பாஷையில்தான் பதில் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரி விடுதியில் சேர்ந்திருக்கிறாள், கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவள், நேராகக் கேட்டாள்.

"சித்தி, ஆஸ்பத்திரியில அம்மா ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னாங்கல்ல. என்ன சொன்னாங்க?"

மழுப்புவதற்கு எனக்கு வழிகள் இருந்தன. உனக்காக மழுப்பியிருக்கலாம். அவள் நிற்கிற நிலையைப் பார்த்தேன். காலைச் சற்று அகட்டி, கையைக் கட்டிக்கொண்டு, பதில் வரும்வரை நகர மாட்டேன் என்ற நிலை.

"பயமா இருக்குன்னு சொன்னா" என்றேன்.

அவள் அழவில்லை. "அது எனக்குத் தெரியும் சித்தி. அதத் தெரிஞ்சுக்க பாஷை எதுக்கு? சாத்துக்குடிய உரிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள். பிறகு, "நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குன்னு சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். விடுதிக்குப் பஸ் ஏற்றிவிடப் போனபோது என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாள்.

இப்போது தெருவில் எதற்காவது கூட்டம் கூட்டினால் என்னையும் கூப்பிடுகிறார்கள். சாக்கடைப் பிரச்சினை, கோயில் திருவிழா, ஏதாவது ஒன்று. நான் எழுந்து பேசினால் இன்றைக்கும் இளம் பிள்ளைகள் சிலர் என் உச்சரிப்பைக் கேட்டு வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். சில சொற்கள் எனக்குக் கடைசிவரை சரியாக வராது போலிருக்கிறது. உன் வாயிலிருந்து எப்படி வாங்கினேனோ அப்படியேதான் அவை என்னிடம் இருக்கின்றன. திருத்திக்கொள்ளப் போவதில்லை. அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று கொஞ்சம் நிற்கிறேன். நின்று, மீதியையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.